கல்மாவுக் கோலமும் ஓர் ஆண் வண்டும்

காலை ஆறரை மணிக்கு என் கடை வாசலில் ஒரு பெண் குப்புறப் படுத்துக் கிடந்தால் கொல்கத்தாவின் பவானிபூரில் யாரும் பேசாமல் தாண்டிப் போக மாட்டார்கள். பால் வாங்கப் போகிறவர் நிற்பார். மீன் கூடையோடு வந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மயக்கமா? தண்ணீர் தெளியுங்கள்" என்று வங்காளத்தில் எனக்கு யோசனை சொல்வார். அவள் தலையைத் தூக்காமலேயே, "எனக்கு ஒண்ணும் இல்லை, நிழல் விழறது, கொஞ்சம் நகருங்கோ" என்பாள். அதையும் தமிழில் சொல்வாள். அவசரத்தில் அவளுக்கு எந்த மொழி வாயில் வருகிறதென்று அவளுக்கே தெரியாது.

அவள் பெயர் மிருதுளா. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் திருவேங்கடத்தின் மகள். திருவேங்கடம் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; காதைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. மிருதுளா பிறந்தது, படித்தது எல்லாம் இந்த ஊரில்தான். டாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

ஓர் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம் சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அந்த மாதத்தில் இங்கே விளக்கைச் சுற்றி ஆரஞ்சும் கறுப்புமாகச் சின்னப் பூச்சிகள் வரும். ஆசிட் பூச்சி என்போம். அதில் ஒன்று மாப்பிள்ளையின் கழுத்தில் உட்கார்ந்தது. கேசரித் தட்டோடு வந்த பெண் தட்டைப் போட்டுவிட்டு, "அடிக்காதீங்கோ, ஊதுங்கோ!" என்று கத்தினாள். அவர் அடித்தார். ஊருக்குத் திரும்புவதற்குள் கழுத்து கொதிநீர் பட்டதுபோல் கொப்பளித்துவிட்டது. பெண் சூனியக்காரி என்று அவர்கள் சொல்லவில்லை; ராசி பொருந்தவில்லை என்றார்கள். இரண்டும் ஒன்றுதான். இவளுக்கோ அதில் வருத்தமே இல்லை. "காகு, அது கடிக்கறதே இல்லை. நசுக்கினாத்தான் சாறு பட்டு எரியும். அவருக்கு ஊதத் தெரியலை" என்று என்னிடம் வந்து விளக்கினாள். காகு என்றால் இங்கே சித்தப்பா. என் மனைவி வாசுகி அவளுக்குக் காகிமா. தெருவுக்கு நான் பார்த்தோதா; தா, தாதா என்றால் அண்ணன்.

அந்த ஆசிட் பூச்சியின் பெரிய குடும்பத்துக்கு ரோவ் வண்டுகள் என்று பெயராம். மற்ற வண்டுகளுக்கு முதுகு முழுக்க மூடும் ஓடு இருக்கும். இவற்றுக்குப் பாதிவரைதான். அளவு தெரியாத தையற்காரன் தைத்த சட்டைபோல் அது மேலேயே நின்றுவிட, வயிறு முழுக்க வெளியே தெரியும். பயந்தால் வாலைத் தேள்மாதிரி தூக்கும். உலகத்தில் இந்தக் குடும்பத்தில் அறுபதாயிரம் வகைக்கு மேல் பெயர் வைத்தாயிற்று, இன்னும் பெயரில்லாதவை எத்தனையோ என்று அவள் சொன்னபோது நான் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். பெயரில்லாதது பெயரில்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். எனக்கு அப்படி ஒரு குணம். அவளுக்கு அது நேர் எதிர்.

என் வாசலில் அவள் படுத்ததற்குக் காரணம் வாசுகியின் கோலம். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறை கடை, பக்கத்துக் கதவு வீட்டுக்கு. எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். வாசுகி இங்கே வந்த நாள் முதல் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுகிறாள். வாசற்படிக் கல்லுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு வெடிப்பு உண்டு. அதிலிருந்து பழுப்பெறும்புகள் வரிசையாக வந்து கோலத்தைத் தின்றுவிட்டுப் போகும். "நாலு உசுரு தின்னட்டும்" என்பாள். மளிகைக்கடைக்காரன் வாசலில் எறும்புக்குப் பந்தி! நான் சாக்குமூட்டைகளைச் சுற்றி எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு போடுவேன், அவள் வெளியே விருந்து வைப்பாள். எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

போன வைகாசியில் இட்லி மாவு வாங்க வந்த மிருதுளா, செருப்பைக் கழற்றும்போது அந்த எறும்பு வரிசையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள்.

"காகு, இதுல ஒரு எறும்புக்கு நடக்கத் தெரியலை."

"என்னது?"

"எல்லாம் நேரா போறது. இது மட்டும் இடிச்சிண்டு, ஒதுங்கிண்டு போறது. அச்சா, இருங்கோ... இது எறும்பே இல்லை!"

எறும்பின் நிறத்தில், எறும்பின் அளவில், எறும்புகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது ஒரு ரோவ் வண்டு. அவள் விரல் நீட்டியதும் வாலைத் தூக்கியது. எறும்புப் புற்றுக்குள்ளேயே குடியிருந்து, எறும்பு கொண்டுவருவதைத் தின்று வாழும் வகைகள் உண்டாம். இரண்டு பக்கமும் குழாய் வைத்த ஒரு சின்னக் குப்பியை அவள் பையிலேயே வைத்திருப்பாள். ஒரு குழாயை வண்டின்மேல் காட்டி மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் வண்டு குப்பிக்குள் விழும். வாய்க்குள் போகாமல் நடுவில் வலை உண்டு. அன்று மாவை மறந்துவிட்டுக் குப்பியோடு வீட்டுக்கு ஓடினாள்.

நகைச்சீட்டுப் பணத்தில் வாங்கிய நுண்ணோக்கி ஒன்று அவளிடம் உண்டு. அதில் பார்த்தாள், படம் எடுத்தாள், வண்டுகளில் பெரிய ஆளான நந்திதா என்ற பேராசிரியைக்கு அனுப்பினாள். அவர் புனேயில் இருக்கிறார். பதில் வந்தது: இதுவரை பார்த்த எதைப்போலவும் இல்லை, புதிதாக இருக்கலாம். ஆனால் ஆண் வேண்டும்.

ஏன் ஆண் என்று நான் கேட்டது என் தப்பு. கடை நிறைய ஆள் இருந்த நேரம். இந்த வண்டுகளில் நெருங்கிய சொந்தங்கள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆணின் உறுப்பில்தான் ஒவ்வொரு வகைக்கும் தனி வடிவம், பூட்டுக்குச் சாவிபோல, அதைப் பிரித்தெடுத்து வரைந்தால்தான் புது வகையென்று உலகம் ஒப்பும் என்று கையால் வடிவம் காட்டி உரக்கச் சொன்னாள். கடுகு வாங்க வந்த கோஷ் வீட்டம்மாள் கடுகை எடுக்காமலே போய்விட்டார்.

அதன்பின் தினமும் விடிந்ததும் வாசலில் படுக்கை. கிடைத்தது எல்லாம் பெண். ஆனி மாதம் தெருமுனையில் ஒரு பலகை வைத்தார்கள். குடிநீர்க் குழாய் மாற்றப் போகிறார்கள். ரத யாத்திரை முடிந்த திங்கட்கிழமை தோண்டுவார்கள். வாசற்படிகளைப் பெயர்த்துவிட்டு சிமெண்டும் டைல்ஸும். பலகையை நான் படித்துச் சொன்னபோது மிருதுளாவின் முகம் சின்னதாகிவிட்டது. "அந்த வெடிப்புலதான் காகு புத்து. பெயர்த்துட்டா எல்லாம் போயிடும். வேற எங்கயும் இதை நான் பார்க்கலை. ஜாதவ்பூர்ல, ஏரிக்கரையில, எங்கப்பா வீட்டு வாசல்ல, எல்லா இடத்துலயும் தேடிட்டேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது அவளுக்கு விளையாட்டில்லை.

திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறன்று நந்திதா மேடம் ஒரு கூட்டத்துக்காகக் கொல்கத்தா வருவதாயிருந்தது. காலையில் நேரே வாசலுக்கே வந்து, இரண்டு பேருமாகக் கடைசியாக ஒருமுறை தேடுவது என்று பேச்சு. மிருதுளா இதைச் சனிக்கிழமை வந்து வாசுகியிடம் சொன்னாள். சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்ல மறந்தாள். எப்போதும்போல் இருக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"புனேல இருந்து ஒரு பேராசிரியை நம்ம வாசலப் பாக்க வாராங்க. சும்மாவா?" என்றாள் வாசுகி. ஞாயிறு விடியுமுன்பே வாசல் முழுக்க பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அவள் தங்கை ஊரிலிருந்து அனுப்பிய கல்மாவு ஒரு பொட்டலம் பொங்கலுக்கென்று பத்திரமாக இருந்தது. வெள்ளை வெளேரென்று, கை நடுங்கினாலும் கோடு நடுங்காது. அதை எடுத்து, இருபத்தோரு புள்ளி வைத்து, சிக்குக் கோலம் போட்டுச் சுற்றிலும் காவி பூசினாள். பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது. நானே போனில் படம் எடுத்தேன்.

நந்திதா மேடம் டாக்ஸியிலிருந்து இறங்கியதும் "கீ ஷுந்தொர்!" என்று கன்னத்தில் கை வைத்தார். எவ்வளவு அழகு என்று அர்த்தம். வாசுகிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வடை போட உள்ளே ஓடினாள். மிருதுளா கோலத்தின் ஓரமாகப் படுத்தாள். நேரம் போனது. வெடிப்பிலிருந்து ஓர் எறும்பு தலை நீட்டியது, மீசையை ஆட்டியது, திரும்பிப் போய்விட்டது. பிறகு எதுவும் வரவில்லை.

மிருதுளா ஒரு விரலால் கோலத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் பல்லில் நறநறத்தது எனக்குக் கேட்டதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசுகி காபி டம்ளரோடு வந்து நின்று, "எப்படிட்டி இருக்கு கோலம்?" என்றாள்.

மிருதுளா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு, காகிமா" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணின்மேல் அப்போது வந்த பிரியம் அதற்கு முன் வந்ததில்லை. என் வாய் சும்மா இருந்திருக்காது. கல்லைக் கொட்டிக் காரியத்தைக் கெடுத்தாயே என்று நாலு பேர் முன்னால் கத்தியிருப்பேன். அவளோ வடை தின்றாள், மேடத்துக்கும் கொடுத்தாள். மேடம் முற்பகல்வரை காத்திருந்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். போகும்போது மிருதுளாவின் தோளைத் தட்டி, சில வண்டுகள் இப்படித்தான், கிடைக்காமலே போய்விடும் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

டம்ளர் எடுக்க வந்த வாசுகி, "ஏட்டி, எறும்பு ஒண்ணத்தையும் காணோமே?" என்றாள். மிருதுளாவின் விரல்நுனியில் இருந்த வெள்ளையைப் பார்த்தாள், கோலத்தைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்ல வச்சுட்டேனே. வந்தவங்களுக்கு வடை, இதுகளுக்குக் கல்லு. இத்தன வருசத்துல ஒரு நாளும் பட்டினி போட்டதில்லயே! நீ ஏம்ட்டி காலைலயே சொல்லல?"

"எனக்காகத்தானே போட்டேள், காகிமா."

அதைக் கேட்டதும் வாசுகி அழுதேவிட்டாள். பிறகு எழுந்து, ஈரச் சாக்கைப் போட்டு அந்தக் கோலத்தைத் தேய்த்து அழித்தாள். அரிசிமாவில் எப்போதும் போடும் சின்னக் கோலத்தைப் போட்டாள், ஒரு சிட்டிகை சர்க்கரையும் தூவினாள். ஆனால் பினாயில் நாற்றம் போகவில்லை. மத்தியானம்வரை ஓர் எறும்பும் அந்தப் பக்கம் வரவில்லை. மிருதுளா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கடை திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு வியாபாரம். ஜாதவ்பூரில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் வாரத்துக்கு வேண்டிய பொடி, அப்பளம் எல்லாம் வாங்க வரும். பச்சரிசி மாவு மூட்டையை நகர்த்தினால், சுவர் மூலையிலிருந்து மூட்டைவரை பழுப்பெறும்பு வரிசை. வாசலில் வழி அடைபட்டதும் சுவருக்குள்ளேயே வேறு வழி பார்த்து, வந்த இடத்தைப் பாருங்கள்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. பாதிக் கோடு போட்டுவிட்டேன். அப்புறம்தான் மூளைக்குச் சேதி போய்ச் சேர்ந்தது.

"ஏட்டி வாசுகி! அந்தப் புள்ளையக் கூப்பிடு! ஓடு!"

வாசுகி போட்டுக்கொண்டிருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கி, வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்தி, போட்ட கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். எறும்பு வருவதற்காகத் தரை துடைத்த மளிகைக்கடைக்காரன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிருதுளா செருப்பில்லாமல் வந்தாள். புளி மூட்டைக்கும் மாவு மூட்டைக்கும் நடுவே படுத்தாள். பிறகு உறிஞ்சும் சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. வெளியே ஒரு பையன், "அங்கிள், ரசப்பொடி மட்டும்" என்றான். வாயை மூடு என்றேன்.

குப்பியோடு வீட்டுக்கு ஓடியவள் கடை மூடும் நேரத்தில் திரும்ப ஓடிவந்தாள். "ஆண், காகிமா, ஆண்!" என்று தமிழில் கத்தி, வங்காளத்திலும் கத்தினாள். அரிசி கட்டி வாங்கிக்கொண்டிருந்த கோஷ் வீட்டம்மாள், யார் வீட்டில் குழந்தை என்று கேட்டார். எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாசுகி பார்க்க வேண்டும் என்றாள். மூவருமாகத் திருவேங்கடம் வீட்டுக்குப் போனோம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்த வாசுகி, "அம்மாடி, மீசையில எத்தன கணு! மேல பொன்னு முடி!" என்று குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, "தூங்குதா?" என்றாள்.

"இல்லை, காகிமா. சாராயத்துல போட்டுட்டேன். கொன்னாத்தான் உறுப்பை எடுத்துப் பார்க்க முடியும்."

வாசுகி கண்ணை எடுத்தாள். "நம்ம வீட்டு மாவத் திங்க வந்தது. பேரு வைக்கணும்னா கொல்லணுமாட்டி?"

மிருதுளா சமாதானம் சொல்லவில்லை. "ஆமாம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இந்த ஒண்ணு இல்லைன்னா, மத்ததெல்லாம் இருக்குன்னே யாருக்கும் தெரியாது. இருக்கறதே தெரியாம அழிஞ்சு போயிடும்" என்றாள். வாசுகி சமாதானமாகவில்லை.

அதைச் சரிக்கட்டத்தானோ என்னவோ, மிருதுளா மெதுவாக அடுத்ததைச் சொன்னாள். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அவர்களுக்குள் வழக்கமில்லையாம். பிறர் பெயரை வைக்கலாம். "உங்க பேரை வைக்கலாம்னு இருக்கேன், காகிமா."

வாசுகி இரண்டடி பின்னால் போனாள். "நல்லாருக்கே! செத்த பூச்சிக்கு உசுரோட இருக்கவ பேரா? சுமங்கலி பேரு! வேணாம் தாயி."

நான் சிரித்தேன். "என் பேரை வை" என்றேன். "சும்மா கிடங்க" என்று என்மேலும் பாய்ந்தாள். மிருதுளாவுக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஊர்ப் பெயரையே லத்தீன் வால் ஒட்டி வைத்தால் என்ன என்றாள். ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று வாசுகி ஒப்புக்கொண்டாள். அப்புறம் ஒன்று கேட்டாள்: "பேரு வச்சா காதுல சொல்லணும்லா. செத்ததுக்கு எந்தக் காதுல சொல்லுவ?"

"இன்னும் அது பேரே இல்லை, காகிமா. அச்சுல வரவரைக்கும் யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. அதுதான் எங்க சட்டம்."

"அப்ப வரட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் சொன்னபடி தோண்டினார்கள். வாசற்படிக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்தபோது மிருதுளா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நல்லவேளை. அடியில் இருந்தது மண்ணோடு மண்ணாக லாரியில் போயிற்று. மழையோடு குழாய் போட்டு, துர்க்கா பூஜைக்கு முன் பச்சை டைல்ஸ் ஒட்டினார்கள். வாசுகி டைல்ஸ்மேல் தினமும் அரிசிமாவுக் கோலம் போட்டாள். அது காலையில் போட்டபடியே சாயங்காலமும் இருந்தது. தின்ன ஆளில்லாத கோலத்தைப் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது. என் மூட்டைப் பக்கமும் ஒன்றும் வரவில்லை. சாக்பீஸுக்கு வேலை இல்லை.

மிருதுளா பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வண்டை விவரிப்பது என்றால் சும்மாவா? தலை நெஞ்சைவிட எவ்வளவு அகலம், மீசையின் எந்தக் கணு குட்டை, முதுகின் புள்ளிகள் அடர்த்தியா கலைப்பா, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நிறத்தில் மட்டும் மாட்டிக்கொண்டாள். ஒருநாள் கடைக்கு வந்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வண்டின் படத்தைப் புளிக்குப் பக்கத்தில் வைத்தாள், தனியாவுக்குப் பக்கத்தில் வைத்தாள், வறுத்த காபிக்கொட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். பழம்புளிதான் சரி, புதுப்புளி இல்லை என்று முடிவானது. கடைசியில் என்ன எழுதினாய் என்றேன். செம்பழுப்பு என்றாள். அதற்கா என் புளியையெல்லாம் கிளறினாய் என்று சத்தம் போட்டேன். போகும்போது கால் கிலோ பழம்புளி வாங்கிக்கொண்டு போனாள்.

தை பிறந்து சில நாளில் கட்டுரை வெளிவந்தது. இரவெல்லாம் காத்திருந்து பார்த்தாளோ என்னவோ, விடிந்ததும் போனோடு வந்துவிட்டாள். கிடைத்த இடம் என்று போட்டிருந்த வரியில் கொல்கத்தா, பவானிபூர், வீட்டோடு சேர்ந்த மளிகைக்கடை, அரிசிமாவுக்கு வந்த எறும்பு வரிசையில் என்று இருந்தது. நான் அதை மூன்று முறை பெரிதாக்கிப் படித்தேன். என்னையும் அறியாமல் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவளுக்கு அன்று முகத்தில் பாதி சந்தோஷம்தான். "பேர் வந்துடுத்து, காகு. ஆனா அது இப்போ எங்கயாவது இருக்கான்னு எனக்கே தெரியலை" என்றாள்.

அப்போது வெளியே கோலம் போட்டுக்கொண்டிருந்த வாசுகி, "ஏட்டி, இங்க வா" என்றாள். உரக்கக் கூப்பிடவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போதுகூட ஊரைக் கூட்டுகிறவள் அவள்.

டைல்ஸுக்கும் சுவருக்கும் இடையே சிமெண்ட் காய்ந்து மயிரிழை வெடித்திருந்தது. அதிலிருந்து பழுப்பெறும்புகள் வந்து கோலத்தின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தன. மிருதுளா படுத்தாள். கன்னம் தரையில் பட, அசையாமல் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். வரிசையில் நடக்கத் தெரியாமல் நடந்த ஒன்று நின்று, வாலைத் தூக்கியது.

அவள் கை பைக்குள் போகவில்லை. குப்பியை எடுக்கவே இல்லை.

வாசுகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல அவள் பக்கத்தில் படுத்தாள். "என்ன பேரு, இன்னொருக்கச் சொல்லு" என்றாள். மிருதுளா சொன்னாள். வாசுகி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு உதட்டைத் தரையோரம் கொண்டுபோய், அந்த வண்டுக்குக் கேட்கும்படி, "பவானிபுரென்சிஸ், பவானிபுரென்சிஸ், பவானிபுரென்சிஸ்" என்றாள்.

மீன் கூடையோடு வந்தவர் நின்றுவிட்டார். கூடையை இறக்கி வைத்து, "பார்த்தோதா, உங்கள் வீட்டம்மாளுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"சத்தம் போடாதீங்க தாதா," என்றேன். "பேர் வச்சுக்கிட்டு இருக்காங்க."